அம்மாவின் காலில் எடுத்த கிருமி

எங்கள் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் நான். கடைசி ஆண்டு ஆய்வுக்குக் கடற்பாசி வாய்த்தது. அதுவரை கடலை இரண்டே முறைதான் பார்த்திருந்தேன். மன்னாரிலிருந்து வந்த பாசியைக் கழுவி, காயவைத்து, அவித்து வடித்த சாற்றில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலை விட்டால், மெல்ல மெல்லப் பால் விடாத தேநீர்போலச் சாயத்தண்ணி நிறத்துக்கு மாறும். வெள்ளி கண்ணுக்குத் தெரியாத நனோ துணிக்கைகளாகிவிட்டது என்று அர்த்தம். அவை கிருமிகளைக் கொல்கின்றனவா என்று பார்ப்பதே என் வேலை.

ஆய்வுகூடத்துக் கிருமிகள் சுலபமாகச் செத்தன.

"உண்மையான புண்ணிலை இருந்து ஒண்டு எடுத்துக்கொண்டு வா, பிள்ளை" என்றார் யாழ்ப்பாணத்து விரிவுரையாளர்.

புண்ணுக்கு நான் அலையவில்லை. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டை குத்தி அம்மாவின் கால் மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. சீனி வியாதி வேறு. சனிக்கிழமை வீட்டுக்குப் போய்ப் பஞ்சுக்குச்சியால் சீழைத் தொட்டு எடுத்தேன். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு காலை நீட்டினாள்.

"ஆரின்ரை புண்?" என்று விரிவுரையாளர் கேட்டார்.

"தோட்டத்து ஆள் ஒருத்தவங்க, மேடம்."

தட்டு முழுக்க அந்தக் கிருமி வளர்ந்தது. கரைசலில் நனைத்த காகித வில்லையைச் சுற்றி மட்டும் மறுநாள் கிருமியில்லாத தெளிவான ஒரு வட்டம். அடுத்த முறை வீட்டுக்குப் போனபோது அதன் படத்தை அம்மாவிடம் காட்டினேன்.

"செத்துப்போச்சா? அப்ப அந்தத் தண்ணிய எங் கால்ல ஊத்துடி."

"அது மருந்து இல்லம்மா. ஆளுங்களுக்குப் போடக்கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போ."

"நீ கூட வா."

"ரிப்போர்ட் முடிக்கணும்மா."

"எஞ் சீழு மட்டும் ஒனக்கு வேணும்" என்றாள்.

நான் பஸ் ஏறிவிட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டார் அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கணுக்காலுக்கு மேலே வெட்ட வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் நான் ஆய்வைச் சமர்ப்பித்தேன். திரையில் அந்த வட்டம் வந்ததும் கைதட்டினார்கள். நடுவரிசையிலிருந்த ஒருவர், அந்த நோயாளி இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

"தெரியாது, சேர்."

பட்டம் கிடைத்தது, முதல் வகுப்பில். அம்மா பல மாதங்கள் என்னோடு பேசவில்லை. ஒருநாள் தானாகக் கேட்டாள்:

"எங் கால்ல எடுத்த அந்தப் பூச்சிய என்னா பண்ணுனீங்க?"

"குளிர்ப்பெட்டியில வச்சிருக்காங்க. அடுத்த பிள்ளைங்க படிக்கிறதுக்கு."

"உசுரோடயா?"

"ஆமாம்மா."

அம்மா ஊன்றுகோலை எட்டி எடுத்து, தாங்கிக்கொள்ள நீட்டிய என் கையைத் தட்டிவிட்டு, தானே எழுந்து அடுப்படிக்குப் போனாள்.