கொடியெழுத்தில் என் கல்யாணம்

போன வாரம் தபால்காரன் ஒரு கல்யாணக் கடுதாசி தந்துவிட்டுப் போனான். என் மைத்துனர் பேரனுக்குக் கல்யாணமாம். பிரித்ததும் மை வாசனை. உள்ளே இங்கிலீஷில், கையால் எழுதியதுபோல் வளைந்து நெளிந்த எழுத்து. "ஏட்டி, நம்ம கொடியெழுத்துல்லா!" என்று கத்திவிட்டேன். அடுக்களையிலிருந்து என் மனைவி, "அதால பட்டது போராதா?" என்றாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். முதலாளி சீமையிலிருந்து கப்பலில் வரவழைத்த எழுத்துகளுக்கு நாங்கள் வைத்த பேர்தான் கொடியெழுத்து. ஈயத்தில் வார்த்தது என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டீர்கள், அவ்வளவு மெல்லிசு. சற்று அழுத்திப் பிடித்தால் வால் முறிந்து கையோடு வந்துவிடும். அதை எடுக்கும்போது முதலாளி மூச்சு விடமாட்டார், எங்களையும் விடவிடமாட்டார்.

எனக்குப் பெண் அமைந்தது குளச்சலில். மாமனார் கொப்பரை வியாபாரி. இங்கிலீஷ் ஓரெழுத்து தெரியாது. ஆனாலும் கொடியெழுத்தைக் கண்டதும் மயங்கிவிட்டார். என் கல்யாணக் கடுதாசியை நானே கோத்தேன். ஒரு வால்கூட முறியவில்லை. அந்தத் திமிர் இன்னும் எனக்குப் போகவில்லை.

வினை அங்கேதான் முளைத்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு வீடு வீடாகப் போய் வாயால் விளிக்க வேண்டும். கடுதாசி சும்மா துணைக்கு. மாமனாரோ, "இவ்வளவு சேலான கடுதாசி இருக்கும்ப வாய் எதுக்கு மாப்ளே?" என்று எல்லாவற்றையும் தபாலில் சேர்த்துவிட்டார்.

கல்யாணத்தன்று காலை இலை வந்தது, பாயசம் கொதித்தது, ஆள் வரவில்லை. வேதக்கோயிலில் பாதிரியார் வந்துவிட்டார், மணியடிக்க நேரமாகிக்கொண்டிருந்தது. மாமனார் பந்தல்காலைக் கட்டிக்கொண்டு, "எனக்க மவளுக்க கல்யாணம் ஆளில்லாமலா நடக்கணும்?" என்று அழுதார்.

கோட்டோடு அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். முதல் வீடு அவருடைய பெரியப்பா மகனுடையது. சுவரில் மகாராஜா படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் என் கடுதாசி! அதன் கீழே பெஞ்சில் அண்ணன்காரர், வெளுத்த வேட்டியும் புதுச் சட்டையுமாக. பக்கத்தில் பட்டுடுத்தி அவர் மனைவி.

"என்ன அண்ணே, வரல்லியா?" என்றார் மாமனார்.

"கடுதாசி வந்துதுலே. ஆளு வரல்லியே. விளிக்காத கல்யாணத்துக்கு எப்படி வாறது?"

"விளிக்கேன் அண்ணே, வாருங்க!"

எழுந்துவிட்டார். செருப்பு முதலிலேயே காலில் இருந்தது.

வீட்டுக்கு வீடு இதே கதை. ஊரே உடுத்தித் தலைசீவி ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தது. பந்தியில் இலை போதாமல் மாமனார் ஓடிய ஓட்டத்தையும் அதைக் கண்டு ஊர் சிரித்த சிரிப்பையும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மாமனார் போய்விட்டார். அச்சகம் போய்விட்டது, கொடியெழுத்தை உருக்கிவிட்டார்களாம். வீடு வீடாக வந்து விளிக்கிறவர்களையும் காணோம். இன்றைக்குத்தான் அந்தப் பேரனுக்குக் கல்யாணம்.

"கடுதாசிதான் வந்தாச்சுல்லா, பொறப்படுங்களேன்" என்கிறாள் மனைவி. சொல்கிறாளே தவிர, அவளும் அசையவில்லை. அவள் பட்டுடுத்தி, நான் வெளுத்த வேட்டியும் செருப்புமாக, விடிந்ததிலிருந்து இரண்டு பேரும் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.