சத்தமே இல்லாமல் இறங்கிய கார்

போன சனிக்கிழமையிலிருந்து எனக்கு ஒரு புது வியாதி. எந்த வாகனத்தில் ஏறினாலும் காது எஞ்சின் சத்தத்தைத் தேடுகிறது. பஸ்ஸில் உட்கார்ந்தாலும் தேடுகிறது, ஆட்டோவில் உட்கார்ந்தாலும் தேடுகிறது. சத்தம் கொஞ்சம் அடங்கினால் போதும் — உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. கந்தப்பளைக் குளிரில் ஒருத்திக்கு வியர்க்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

எல்லாம் கார் பார்க்கப் போனதில் வந்த வினை.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும், நான் பயந்த சுபாவம். தூரத்தில் மின்னினாலே வீட்டிலுள்ள அத்தனை பிளக்கையும் கழற்றிவிடுகிற ஆள். அப்படிப்பட்டவள் எதற்குக் கார் வாங்க ஆசைப்பட்டாள் என்று கேட்கிறீர்களா? அதுவும் பயத்தினால்தான்.

என் வீட்டுக்காரரும் என்னைப் போல ஆசிரியர். பள்ளிக்கூடம் புது வருஷத்துக்குத் திறக்கும்போது அவர் வலப்பனைப் பக்கம் மாறிப் போகிறார். நானோ நேர் எதிர்த் திசையில், நுவரெலியாவில் படிப்பிக்கிறேன். வீடு திரும்ப மாலையாகிவிடும். அதனால் எங்கள் இரண்டு பெண் பிள்ளைகளையும் அவரோடு அங்கேயே சேர்ப்பதென்று முடிவாகியிருக்கிறது. மூத்தவள் யாழினிக்குப் பத்து வயது. சின்னவள் டிலுக்சிக்கு ஆறு. ஆக, தினமும் காலையில் மூன்று பேரும் மலையிறங்க வேண்டும், மத்தியானம் ஏற வேண்டும்.

அந்தப் பாதையில் போயிருக்கிறீர்களா? ராகலை வரைக்கும் மரியாதையாகப் போகும். அதற்குப் பிறகு கீழே விழத் தொடங்கும். ஒரு பக்கம் தேயிலை மலை. மறு பக்கம்... ஒன்றுமே கிடையாது. காலை பஸ்ஸில் ஆட்கள் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு அந்த வளைவுகளில் திரும்புவதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. என் பிள்ளைகளும் அந்த நெரிசலில் நிற்கப் போகிறார்களா? கூடவே கூடாது. சின்னதாக ஒரு கார் வாங்கிவிடுவோம், அதுதான் பாதுகாப்பு என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

இரண்டு ஆசிரியர் சம்பளத்தில் என்ன கார் வாங்குவது? பெட்ரோல் குறைவாகக் குடிக்க வேண்டும். ஸ்பேர் பார்ட்ஸ் நுவரெலியாவிலேயே கிடைக்க வேண்டும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் இளைக்கக் கூடாது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் இதைச் சொன்னதுதான் தாமதம், பாடம் நடத்துவதை விட்டுவிட்டு எல்லாரும் கார் நிபுணர்கள் ஆகிவிட்டார்கள்.

"எண்ணூறு சிசி எடுங்க டீச்சர். டயர் சின்னது, செலவும் சின்னது."

"ஐயோ, அது ஏத்தத்துல அழும். ஹைபிரிட் எடுங்க. பேட்டரியே பாதி வேலையைப் பாத்துரும். சில நேரம் எஞ்சின் சத்தமே கேக்காது."

"அந்த பேட்டரி செத்துப் போனா?" என்று கேட்டேன். ஹைபிரிட்காரர் கொப்பிகளைத் திருத்தப் போய்விட்டார்.

ஆனால் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான் — லீட்டருக்கு எவ்வளவு ஓடும்? நானும் அதையேதான் கேட்டேன். பார்த்த அத்தனை காருக்கும் கேட்டேன். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பதில்கூட பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். காருக்கு ஒரே ஒரு பொருத்தம்தான்.

இந்த நிலையில்தான் உடப்புசல்லாவையிலிருந்து செபஸ்டியன் வந்து சேர்ந்தார். வீட்டுக்காரரின் நண்பருக்குத் தெரிந்தவர். நாற்பது வயதிருக்கும், சிரித்த முகம், கழுத்தில் சிலுவை. காரும் அவரைப் போலவே சுத்தமாக இருந்தது. வெள்ளை நிறம், ஆயிரம் சிசி, கையால் கியர் மாற்றுகிற வகை.

"லீட்டருக்கு எவ்வளவுங்க ஓடும்?" என்றார் வீட்டுக்காரர், முற்றத்தில் நின்றபடியே.

"இருபத்திநாலு சார்."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இதே வகைக் கார் வைத்திருக்கிற இரண்டு பேரிடம் ஏற்கனவே விசாரித்திருந்தோம். மலைப் பாதையில் பதினைந்து, மிஞ்சிப் போனால் பதினாறு என்றுதான் சொல்லியிருந்தார்கள். அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லையே! பதிலாகச் சந்தோஷம் வந்தது.

"நம்ப முடியலையா சார்? வாங்க, வலப்பனை வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம். ஒங்க ரோட்டுலயே ஓட்டிக் காட்டுறேன். டீச்சரும் புள்ளைங்களும் ஏறுங்க, எடம் இருக்கு."

ஏறினோம். முன்னால் வீட்டுக்காரர். பின்னால் நடுவில் நான், இரண்டு பக்கமும் பிள்ளைகள். பின்சீட்டு பெல்ட்டைத் தேடினேன். அது சீட்டுக்கு அடியில் எங்கேயோ போய் மாட்டிக்கொண்டிருந்தது. "பின்னாடி யாருங்க டீச்சர் பெல்ட் போடுறாங்க?" என்றார் செபஸ்டியன். வெட்கமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

ராகலையைத் தாண்டி இறக்கம் தொடங்கியது. செபஸ்டியன் கியர் கம்பியை லேசாகத் தட்டினார். அப்புறம் சாவியைப் பாதி திருப்பினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எதற்கென்று தெரியவில்லை. கார் சட்டென்று அமைதியாகிவிட்டது. டயர் உருளுகிற சத்தமும், கண்ணாடியில் காற்று மோதுகிற சத்தமும் மட்டும்தான். எவ்வளவு சொகுசு!

"அடடா, சத்தமே இல்லாம போகுதே!" என்று பாராட்டினேன். ஸ்டாஃப் ரூம் ஹைபிரிட் கதை காதில் கிடந்தது. இந்தக் காலத்துக் கார்கள் எல்லாமே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"பாத்தீங்களா டீச்சர்! சார், அந்த மீட்டரப் பாருங்க, ஏறிக்கிட்டே இருக்கும்."

வீட்டுக்காரர் குனிந்து, லீட்டருக்கு எவ்வளவு என்று டேஷ்போர்டில் மின்னிய எண்ணைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை எங்கள் கல்யாண போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை.

சின்னவள்தான் கேட்டாள். "அம்மா, கார் தூங்கிருச்சா?"

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

கார் வேகமெடுத்தது. முதல் வளைவில் செபஸ்டியன் பிரேக்கை மிதித்தார், வேகம் குறைந்தது. இரண்டாவது வளைவில் மிதித்தார், கொஞ்சம் குறைந்தது. மூன்றாவது வளைவு வருவதற்குள் அவர் சீட்டிலிருந்து பாதி எழுந்து, முழு உடம்பையும் காலில் போட்டு மிதிப்பதைப் பின்னாலிருந்து பார்த்தேன். கார் குறையவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இழுத்துத்தான் திருப்பினார். அவருடைய பிடரியில் வியர்வை இறங்கியது.

வீட்டுக்காரர் கையை டேஷ்போர்டில் ஊன்றினார். "என்னங்க... என்னங்க ஆச்சு?" என்றார்.

எதிரே, வளைவுக்குள்ளிருந்து ஒரு பஸ் ஏறி வந்தது.

அந்த நேரத்தில் மனிதருக்கு வாழ்க்கை முழுவதும் கண் முன்னால் ஓடும் என்கிறார்களே, பொய். எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. பிள்ளைகள், பிள்ளைகள் என்று மட்டும்தான் மண்டைக்குள் இடித்தது. இரண்டு தலைகளையும் பிடித்து என் மடிக்குள் அழுத்தி மேலே கவிழ்ந்துகொண்டேன். முன்சீட்டிலிருந்து "யேசுவே" என்று ஒரு குரல். பின்சீட்டிலிருந்து "முருகா" என்று ஒரு குரல். அது என்னுடையதுதான் என்று பிறகுதான் தெரிந்தது.

செபஸ்டியன் ஸ்டியரிங்கை இடது பக்கமாக மலையை நோக்கி ஒடித்தார். கார் ரோட்டோரக் கானுக்குள், அதுதான் மழைத்தண்ணீர் ஓடுகிற வாய்க்காலுக்குள், சக்கரத்தை விட்டு, மண்ணைக் கிழித்துக்கொண்டு போய், தேயிலை மேட்டில் இடித்து நின்றது. பஸ் எங்களை உரசாமல் நின்றது. எத்தனை அங்குல இடைவெளி என்று நான் அளக்கவில்லை. அளக்கிற நிலையில் இல்லை.

பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "மொகத மல்லி, மெரென்னத யன்னே?" சாகவா தம்பி போறே என்று சிங்களத்தில் கேட்கிறார். நியாயமான கேள்வி.

யாழினிக்கு நெற்றியில் ஒரு வீக்கம். சின்னவள் அழவே இல்லை. என் சேலை முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு நடுங்கினாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. நான் அந்த ரோட்டோரத்தில், ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்துக் கராஜிலிருந்து ஒரு பாஸ் வந்தார். பாஸ் என்றால் முதலாளி அல்ல, எங்கள் பக்கத்தில் மெக்கானிக்கை அப்படித்தான் கூப்பிடுவோம். வயதான சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசினார். காரைச் சுற்றிப் பார்க்கவில்லை, குனிந்து பார்க்கவில்லை. சாவி இருந்த நிலையை மட்டும் பார்த்தார்.

"எஞ்சின நிப்பாட்டிப்போட்டு எறங்கினீங்களா?"

செபஸ்டியன் தலையைக் குனிந்துகொண்டார். "பெட்ரோல் மிச்சமாகும்னு... எறக்கத்துல எப்பவும் இப்படித்தான் பாஸ். ரெண்டு வருஷமா ஒண்ணும் ஆகல."

இருபத்திநாலின் ரகசியம் புரிந்தது. ஏறும்போது குடித்ததை இறங்கும்போது குடிக்காமல் ஈடுகட்டியிருக்கிறார்!

பாஸ் அவரை விட்டுவிட்டு என்னிடம் சொன்னார். "நோனா, எஞ்சின் ஓடினாத்தான் பிரேக்குக்குப் பலம். நிப்பாட்டினா ரெண்டு தடவ பிடிக்கும், மூணாவது தடவ கல்லு மாதிரி ஆகிரும். ஸ்டியரிங்கும் அப்படித்தான். எந்தக் கியர்ல ஏறுறோமோ அந்தக் கியர்லதான் எறங்கணும்." அப்புறம் சிரித்தார். "இந்த மாதிரிப் புது வண்டியில, கியர்ல போட்டுக் காலை எடுத்தா எறக்கத்துல பெட்ரோலே போகாது. இவர் சும்மா இருந்திருந்தாலே மிச்சம்."

கேட்டீர்களா? ஐந்து உயிரை அடகு வைத்து மிச்சம் பிடித்தது ஒன்றுமில்லாததை.

செபஸ்டியன் என் பக்கம் வந்தார். கண் கலங்கியிருந்தது. "மன்னிச்சிருங்க டீச்சர். வேணும்னு செய்யல. இங்க எல்லாரும் செய்றதுதானே... என் புள்ளைங்களையும் இப்படித்தான் கூட்டிட்டுப் போறேன்."

அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்ட பிறகு திட்ட மனசு வரவில்லை. "இனிமே அப்படிப் போகாதீங்க" என்று மட்டும் சொன்னேன்.

யோசித்துப் பார்த்தால், இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இல்லை. நாட்டில் பெட்ரோலே கிடைக்காத காலத்தில் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நாள் கணக்கில் நின்ற சனம் நாங்கள். பெட்ரோல் தீர்ந்துவிடுமோ என்ற பயம் அப்படியே எலும்பில் ஒட்டிக்கொண்டது. பெரிய பயம் ஒன்று வந்தால் மற்றப் பயங்கள் ஒதுங்கிவிடுகின்றன, ஒதுங்கக் கூடாத பயமும் சேர்ந்து.

பஸ்ஸில் வீடு திரும்பினோம். வீட்டில் யாழினியின் நெற்றிக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் மெல்ல ஆரம்பித்தார்.

"அவரு செஞ்ச தப்பு சாவிய மூடினதுதான், சுகந்தி. எஞ்சின ஓடவிட்டு நியூட்ரல்ல மட்டும் இறக்கியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

என் கை நின்றுவிட்டது. "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தார்.

எங்களிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. கல்யாணமான புதிதில் வாங்கியது. பதினொரு வருஷமாகக் கோயிலுக்கு, கிளினிக்குக்கு, சந்தைக்கு எல்லாம் அதில்தான்.

"என்னங்க... நீங்களுமா?"

"பைக்ல எல்லாரும் அப்படித்தானே..."

"நான் பின்னாடி உக்காந்திருக்கும்போதுமா? டிலுக்சி வயித்துல இருக்கும்போதுமா?"

அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதற்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன். அன்றைக்கு மட்டும் அவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

"நீங்க எல்லாம் இருந்தா வெயிட்டு கூடதானே, சுகந்தி... இன்னும் நல்லா உருளும்."

அதற்குப் பிறகு நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. கோபம் என்று அவர் நினைத்திருக்கிறார். கோபமில்லை, பயம். பதினொரு வருஷத்துப் பயம் மொத்தமாக ஒரே நாளில் வந்து சேர்ந்தது. எத்தனை இறக்கம், எத்தனை வளைவு! காற்று முகத்தில் அடிக்கிறது, சுகமாக இருக்கிறது என்று அவர் முதுகில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு போயிருக்கிறேனே.

மூன்றாவது நாள் காலையில் அவரே வந்து, சின்னவள் தலையில் கை வைத்து, இனி செய்யமாட்டேன் என்றார். நம்புகிறேன். நம்பினாலும், எந்தக் காரை வாங்கினாலும் அது இறங்கப் போவது தினமும். இறக்கத்தில் அவர் கை கியர் கம்பிக்குப் போகிற ஒரு காலையில் நான் நுவரெலியாவில் கரும்பலகை முன்னால் நின்றுகொண்டிருப்பேன்.

அதனால் வேலையிடத்தை மாற்றிக் கேட்டு நானும் வலப்பனைப் பக்கம் விண்ணப்பம் போட்டுவிட்டேன். டவுனிலுள்ள லேர்னர்ஸில் கார் ஓட்டப் பழகவும் பெயர் கொடுத்திருக்கிறேன். நாற்பது வயதில் எல் போர்டு! ஸ்டாஃப் ரூமில் ஒரே சிரிப்பு. "மின்னலுக்கே பயப்படுற நீங்களா டீச்சர் அந்த ரோட்டுல ஓட்டப் போறீங்க?"

ஆமாம், நான்தான். பயப்படுகிறவள்தானே நேரத்துக்கு பிரேக் பிடிப்பாள்?