அக்கா சமைக்கும் நாளில் குளிரும் வீடு

மெல்பன் குளிரைப் பார்த்து யாராவது "இதெல்லாம் ஒரு குளிரா" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கனடாவில் இருக்கும் சொந்தக்காரர்கள்தான் அதிகம் சொல்வார்கள். அவர்களுடைய வீடுகள் குளிருக்கென்றே கட்டியவை. மெல்பன் ஓரத்துக் கிரெய்கிபர்னில் எங்கள் வீடு கதவிடுக்கெல்லாம் காற்றுக்கு வழிவிட்டு நிற்பது.

நல்ல காலமாக, முன்பு இருந்தவர்கள் துணி துவைக்கும் அறையில் ஒரு பொயிலர் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அது தண்ணீரைச் சூடாக்கி ஒவ்வொரு அறையின் ரேடியேட்டருக்கும் அனுப்பும். வெளியே குளிர் கூடக்கூடத் தண்ணீரின் சூட்டையும் கூட்டும். வெளியே வெயில் என்றால் தானாக அடங்கிவிடும். எவ்வளவு குளிருக்கு எவ்வளவு சூடு என்று அதன் திரையில் நாங்கள் ஒரு கோடு போட்டுக் கொடுக்க வேண்டும். அந்தக் கோட்டை ஏற்றி இறக்குவது என் கணவருக்குப் பொழுதுபோக்கு. பஸ் ஓட்டிவிட்டு வந்தால் சப்பாத்தைக் கழற்ற முன்னமே பொயிலருக்கு முன்னால் போய் நிற்பார். என்னை அப்படி ஆசையாகப் பார்த்து எவ்வளவோ காலம்.

இந்த ஜூனில் மன்னாரில் இருந்து அக்கா வந்தார், மூன்று மாத விசாவில். நான் அகதியாகப் படகில் வந்தவள். தற்காலிக விசாவில் கிடந்த காலமெல்லாம் ஊருக்குப் போகவும் முடியவில்லை, யாரையும் கூப்பிடவும் முடியவில்லை. விமான நிலையத்தில் அக்காவின் நரைத்த தலையைக் கண்டதும் அவர் கையில் இருந்த பையைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். மூன்று மாதத்தில் ஒரு நாள் குறையவும் விடமாட்டேன் என்று அப்போதே மனதுக்குள் பிடிவாதம் பிடித்துவிட்டேன்.

ஒரு மாதம் ஆவதற்குள் அக்கா கேட்டார்:

"டிக்கெட்டை முன்னுக்கு மாத்தேலாதோ பிள்ளை? குளிர் எனக்கு ஒத்துவரேல்ல."

என் கோபம் முழுவதும் கணவர்மேல் திரும்பியது. வேலை முடிந்து வந்து பார்த்தால் வீடு சில்லென்று கிடக்கும். அக்கா இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் இவருடைய ஜாக்கெட்டையும் மாட்டி, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு கதிரையில் ஒடுங்கி இருப்பார். நான் கத்த, இவர் போய்க் கோட்டை ஏற்றுவார். விடியும்போது வீடு கொதிக்கும். ஜன்னலைத் திறந்துவிட்டு, இவர் பழையபடி இறக்குவார். அடுத்த பின்னேரம் திரும்பவும் சில்லிடும். சனி ஞாயிறு மட்டும் ஒரு குறையும் இல்லை. அந்த இரண்டு நாளும் நான் அக்காவை அடுப்படிக்கு விடாமல், உள் அடுப்பில் எதையாவது ஒப்பேற்றுவேன்.

மற்ற நாட்களில் சமையல் அக்காவின் கையில், அதுவும் வெளிக் குசினியில். இங்கே எங்கள் ஆட்கள் வீடு வாங்கினால் கையோடு செய்யும் வேலை அது. பின் வாசலில் ஒரு கூரை இறக்கி, பெரிய காஸ் அடுப்பு வைத்துவிடுவோம். மீன் பொரிக்கிற மணம் பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பில் ஏறக் கூடாதல்லவா? எங்களுடையதைப் போன கோடையில்தான் கட்டினோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. காலையில் புல் முழுவதும் வெள்ளையாக உறைபனி. அக்கா வெளியே மீன் பொரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து அடுப்பில் குழம்பு. நான் உடுப்பு எடுக்கப் போன இடத்தில் பொயிலரின் திரை கண்ணில் பட்டது. வெளியே முப்பத்தெட்டு பாகை என்றது. ஜூலையில் முப்பத்தெட்டு என்றால் அது மெல்பன் இல்லை, மன்னார்.

பின்பக்கம் ஓடினேன். அடுப்புக்கு நேர் மேலே சுவரில், தீப்பெட்டியளவில் ஒரு பெட்டி. முன்பு வெள்ளையாக இருந்தது, இப்போது எண்ணெய்ப் புகையில் மஞ்சளாகியிருந்தது. ஏதோ பழைய அலாரம் என்று நினைத்து அதற்குக் கீழேயே நாங்கள் அடுப்பை வைத்திருந்தோம். அதன் வயர் பொயிலர் இருந்த அறைக்குள் போனது. அதுதான் வெளியில் எவ்வளவு குளிர் என்று பொயிலருக்குச் சொல்லும் சென்சர். அக்கா சட்டியை வைத்தால் போதும், கோடை வந்துவிட்டது என்று பொயிலர் படுத்துவிடும். சில மணி நேரத்து வெப்பத்தைச் சேர்த்துப் பார்ப்பதால் பின்னேரம் வரைக்கும் எழும்பாது.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"அக்கா! நீங்கள் சமைக்கிறதாலதான் வீடு குளிருது!"

அக்கா சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியும் பிள்ளை. நான் அடுப்பு மூட்டுற நாளிலதான் இந்த வீடு குளிருது. நீ சமைச்சா ஒண்டுமில்லை. அதுதான் வெள்ளன போறன் எண்டு கேட்டனான்."

அக்காவின் கணவர், எங்கள் அத்தான், கடலுக்குப் போய்த் திரும்பாமல் விட்ட பிறகு, ஊரில் சிலர் நல்ல காரியங்களுக்கு அக்காவைக் கூப்பிடுவதில்லை. கைராசி இல்லாதவள் என்ற பேச்சு. மாதா கோவிலுக்குப் போய், பூசையில் நன்மை அப்பம் வாங்கிக்கொண்டு வருகிற அதே ஆட்கள்தான். அந்தப் பேச்சை அக்கா இவ்வளவு தூரம் சுமந்துகொண்டு வந்து, ஒரு மாதமாக என் வீட்டுக்குள் வாய் திறக்காமல் வைத்திருந்திருக்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

அக்காவின் கையைப் பிடித்து, ஸ்டூலில் ஏற்றி, அந்தப் பெட்டியைத் தொடவைத்தேன். சுட்டது.

"இதுதான் உங்கட கைராசி. மீன் பொரியலுக்கு மயங்கிப்போய்க் கிடக்குது."

அக்கா பெட்டியைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் நின்றபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். விழுந்துவிடாமல் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

அன்று பின்னேரமே இவர் வயரை நீட்டி, வெயிலும் அடுப்பும் எட்டாத பக்கச் சுவருக்குப் பெட்டியை மாற்றினார். கோட்டைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்தார். இனிமேல் அதைத் தொட்டால் கையை முறிப்பேன் என்றேன்.

மறுநாள் வேலையால் வந்து கதவைத் திறந்தேன். வீடு இளஞ்சூடாக இருந்தது. ஜாக்கெட் கொழுவியில் தொங்கியது. மேசையில் மூடிவைத்த சட்டிகள். அக்கா வெறுங்காலோடு நின்று ஊரில் இருக்கும் மகனோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஓமடா, நான்தான் சமைச்சனான். வீடு சூடாத்தான் கிடக்கு. சொன்ன நாளுக்கே வாறன், அதுக்கு முதல் வரமாட்டன்."