கலாவதி அக்கா மெதுவானவர் அல்ல

கலாவதி அக்கா இறந்த செய்தி எங்கள் பீங்கான் கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. காலையில் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சு வலியாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாம். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நடுவில் மேனேஜர் எழுதியிருந்தார்: ‘வேலையில் கொஞ்சம் மெதுவானவர். ஆனால் தங்கமான மனுஷி.’ அதற்கும் பலர் கும்பிடு போட்டிருந்தார்கள். இந்தக் குழுவில் அக்காவை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மேனேஜரின் முதல் வாக்கியம் பொய். அது பொய் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான்.

சரக்கு அனுப்பும் அறையில் அக்கா லாரிகளுக்குச் சரக்குச் சீட்டைக் கணினியில் போடுவார். அங்கிருந்த கணினிகளையும் நெட்வொர்க்கையும் பார்த்துக்கொள்வது என் வேலை. சேத்தியாத்தோப்புக் கடைக்குப் போக வேண்டிய வாஷ்பேசின்கள் திட்டக்குடி லாரியில் ஏறியிருந்ததை, ஒருமுறை சீட்டைப் பார்த்தே கண்டுபிடித்து லாரியை கேட்டிலேயே நிறுத்தினார். டிரைவர் கத்தினான். “கத்தட்டும், அவன் தொண்டை, அவன் பாடு” என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார். அவ்வளவு சுறுசுறுப்பான கை அது.

பிறகு எல்லாக் கணினிகளும் தகவல் எடுக்கும் பழைய சர்வரைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்தோம். ஒவ்வொரு கணினியிலும் சர்வரின் பழைய முகவரியை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். அக்கா அன்று ஒரு வளைகாப்புக்காக லீவு. அவர் கணினியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். விட்டது விட்டதுதான்.

மறுநாளிலிருந்து அவருடைய சீட்டுகள் தாமதமாயின. மற்றவர்கள் நாலு சீட்டு போடும் நேரத்தில் அவரால் ஒன்றுதான் போட முடிந்தது. லாரிகள் நின்றன. மேனேஜர் எல்லோர் முன்னாலும் திட்டினார், வயசாகிவிட்டது என்றார். அக்காவுக்கு அப்போது நாற்பத்தாறு.

அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. தாமாகவே ஒரு சோதனை செய்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டு, நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினால் சீட்டு போடும் புரோகிராம் உடனே திறப்பதையும், மாட்டினால் வெகுநேரம் திறக்காமல் நிற்பதையும் காட்டினார். “இது மெதுவா இல்ல தம்பி. எங்கியோ போயி யாரையோ தேடிட்டு வருது” என்றார். நோயை அப்படியே சொல்லிவிட்டார். சீட்டு போடுகிறவர் எனக்குப் பாடம் எடுப்பதா என்ற திமிர் எனக்கு. கேபிளையெல்லாம் தொடாதீங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கடைசியாக அவர் மேனேஜரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். “ஒரு நாளு இடம் மாத்தி ஒக்கார வெச்சுப் பாருங்க சார். அப்பவும் நான் மெதுவா இருந்தா நானே போயிடறேன்.” மேனேஜர் என்னைப் பார்த்தார். மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன், திறந்துகூடப் பார்க்காமல். அடுத்த வாரம் அக்காவைப் பேக்கிங் ஷெட்டுக்கு அனுப்பினார்கள். இருபது வருடம் சீட்டு போட்டவர் வைக்கோலுக்கு நடுவே உட்கார்ந்து பீங்கான் ஃப்யூஸ் கேரியர்களை உடையாமல் சுற்றிக் கட்டினார்.

அவர் நாற்காலிக்கு ஒரு சின்னப் பெண் வந்தாள். அவளுக்கும் புரோகிராம் அதே மாதிரி நின்றது. அப்போதுதான் செட்டிங்கைத் திறந்தேன். பழைய சர்வரின் முகவரி அங்கேயே இருந்தது. இல்லாத ஒன்றைத் தேடிப் போய், பதிலுக்குக் காத்திருந்து, சலித்த பிறகுதான் புதியதிடம் வந்துகொண்டிருந்தது. மாற்ற இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மாலையில் மேனேஜர் அந்தப் பெண்ணின் வேகத்தைப் புகழ்ந்தார். நான் தலையாட்டினேன். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்பதைத் தவிர என்னிடம் வேறு சமாதானம் இல்லை.

கருவேப்பிலங்குறிச்சியில் அக்காவின் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தபோது, அக்காவின் மகள் கம்பெனியில் வேலை கேட்டிருப்பதாக மேனேஜர் சொன்னார். “அம்மா மாதிரியே இருந்துச்சுன்னா லாரியெல்லாம் நின்னுடும்பா” என்று சிரித்தார். அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். நிதானமாகக் கேட்டுவிட்டு, “அவங்களே போயிட்டாங்க. இப்ப எதுக்கு அதெல்லாம்?” என்றார். அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். அந்தப் பெண்ணுக்கு வேலை கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் இஷ்டம். அம்மாவின் பெயரைக் காரணமாகச் சொல்லக் கூடாது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஷெட்டுக்குப் போன சில நாளில் அக்கா ஏதோ கையெழுத்துக்காக அறைக்கு வந்தார். தம் பழைய கணினியில் புரோகிராம் பட்டென்று திறப்பதைப் பார்த்தார். தலைமுடியில் வைக்கோல் ஒட்டியிருந்தது. என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல், “கெடைச்சிடுச்சா தம்பி?” என்று கேட்டார்.

“எது அக்கா?” என்றேன், தெரியாதவன்போல.

அவர் சிரித்தார், போய்விட்டார். அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்தக் கேள்விதான். கிடைத்துவிட்டது அக்கா. நீங்கள் ஷெட்டுக்குப் போன மூன்றாம் நாளே கிடைத்துவிட்டது.