சிவப்பு மணி கோத்த நூல்

என் தையல் மிஷினின் பாபின் டப்பாவில் ஒரு சிவப்பு மணி கிடக்கிறது. குன்றிமணி அளவுதான். பாபின் எடுக்கக் கைவிட்டால் முதலில் அதுதான் விரலில் படும். தூக்கிப் போட மனசு வரவில்லை. இன்றைக்குக் காலையிலும் பட்டது. அதனால்தான் மருமகளைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், மெதுவாகத்தான் வரும்.

கொச்சி மட்டாஞ்சேரியில் நாற்பது வருஷம் மிஷின் மிதித்தவள் நான். நைட்டி, பாவாடை, யூனிஃபார்ம், நிக்காஹ் உடுப்பு எல்லாம் தைத்திருக்கிறேன். துணி நைந்து கிழிந்திருக்கும். தையல் பிரிந்துவிட்டது என்று ஒருத்தரும் திரும்பி வந்ததில்லை. அந்தக் கர்வம் எனக்கு உண்டு, மறைக்க மாட்டேன்.

மகன் கட்டிக்கொண்டு வந்தவள் பள்ளுருத்திக்காரி. எங்களைப்போலத் தமிழ் பேசுகிற குடும்பம்தான், ஆனால் எழுதப் படிக்க அவளுக்கு மலையாளம்தான் வரும். கல்யாணத்துக்குப் பிறகும் படித்தாள். நாடகத்துக்கு மேடை அமைக்கிறது, நடிக்கிறவர்களுக்கு உடுப்பு யோசிக்கிறது, இதற்கும் எம்.ஏ. இருக்கிறதாம். திருப்பூணித்துறைப் பக்கம் காலேஜ். "துணி தைக்க எம்.ஏ.வா? அப்ப நான் டாக்டர்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவளும் சிரிப்பாள். "ஆமா மாமி, உங்ககிட்டதான் கையெழுத்து வாங்கணும்" என்பாள். சாப்பாட்டு மேசையில் அட்டையால் ஒரு மேடை கட்டி, விரல் உயரத்தில் ஆட்களை நிறுத்தி, டார்ச் அடித்து நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் சாயா ஆறிக்கிடக்கும்.

கடைசிப் பரீட்சை என்பது ஒரு முழு நாடகம். மேடையும் உடுப்பும் அவள் பொறுப்பு. வெளியிலிருந்து வருகிறவர்கள் உட்கார்ந்து பார்த்து மார்க் போடுவார்கள். ஆறு உடுப்பு நான் தைத்தேன். ஏழாவது, கழுத்திலிருந்து கால் வரை மூடுகிற ஒரு கறுப்பு அங்கி. அதை மட்டும் அவளே கையால் நூல் ஓட்டினாள். ஒற்றை நூல், நீள நீளமாக, நுனியில் அந்தச் சிவப்பு மணி. "மாமி, இதுல மட்டும் கை வெக்காதீங்க, ஏன்னா..." என்று ஆரம்பித்தாள். நான் முடிக்க விடவில்லை. "நாப்பது வருஷம் மிதிச்சவளுக்கு நீ தையல் சொல்லித் தர்றியா மோளே" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

நாடகத்துக்கு முந்தின நாள் அச்சடித்த ஒரு தாள் கொண்டுவந்தாள். ஒரு வரியில் விரல் வைத்து, "தையல்னு போட்டு உங்க பேரு" என்றாள். ரேஷன் கார்டு தவிர என் பேர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. அதுவும் எனக்கு வாசிக்கத் தெரியாத மலையாளத்தில். அந்த வரியைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

மறுநாள் அவள் முன்னாலேயே போய்விட்டாள். உடுப்புகளை எடுத்துப்போக ஆள் வரும் என்றாள். மடித்து வைக்கும்போது கறுப்பு அங்கியைப் பார்த்தேன். தையல் இடைவெளியில் இரண்டு விரல் நுழைந்தது. என் பேர் போட்ட இடத்தில் இப்படி ஒன்றா? அவசரத்தில் விட்டுவிட்டாள் பாவம் என்று நினைத்தேன். இல்லை, பொய் எழுத வேண்டாம். கை வைக்காதீங்க என்றது காதில்தான் இருந்தது. நூலை உருவிவிட்டு மிஷினில் இரட்டைத் தையல் அடித்தேன். மணி அழகாக இருந்ததால் அதே இடத்தில் கட்டிவிட்டேன்.

நாடகம் பார்க்க நானும் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். கடைசிக் காட்சியில் அந்த அங்கியோடு ஒரு பெண் நடுமேடைக்கு வந்து மணியைப் பிடித்து இழுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி இழுத்தாள். அதற்குள் மேடை முழுக்க வெள்ளை வெளிச்சம் வந்துவிட்டது. உள்ளே போட்டிருந்த வெள்ளை உடுப்புக்காக வைத்த வெளிச்சம் அது. அதில் அவள் கறுப்பாகவே நின்றாள். இரண்டு கையாலும் இழுத்தபோது மணி மட்டும் அறுந்து உருண்டு வந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நூலை இழுத்தால் அங்கி இரண்டாகப் பிரிந்து விழ வேண்டும். நாடகமே அதற்குத்தான். என் தையல் பிரியவில்லை.

மேடைக்குப் பின்னால் மருமகள் அங்கியை உள்பக்கம் திருப்பித் தையலை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மணியைப் பொறுக்கிக் கையில் வைத்திருந்தேன்.

"இது என் பரீட்சை மாமி. உங்களோடது இல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். தேறவில்லை. மறுபடி செய்யலாம் என்றார்களாம், ஆனால் நடித்தவர்கள் படிப்பு முடித்து ஆளுக்கொரு ஊர் போய்விட்டார்கள். அவளும் கேட்கவில்லை. "மாமியார் புத்தியக் காட்டிட்டீங்களேம்மா" என்றான் மகன். கர்வம்தான், பொறாமை இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சில நாள் எனக்கே நிச்சயமில்லை.

இப்போது தினமும் போட் ஏறி எர்ணாகுளம் போகிறாள். ஒரு ஜவுளிக்கடையில் வாசல் பொம்மைகளுக்கு உடுப்பு மாட்டுகிற வேலை. மாமி என்றுதான் கூப்பிடுகிறாள், சோறும் போடுகிறாள். கேலி மட்டும் இல்லை. மேசையில் அட்டை இல்லை.

எழுதுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு, பெட்டியிலிருந்து அந்த அங்கியை எடுத்தேன். என் தையலை நானே பிரித்தேன். மத்தியானம் வரை ஆயிற்று, அவ்வளவு உறுதி. அவள் ஓட்டின மாதிரியே ஒற்றை நூல் ஓட்டி, மணி கோத்து, கதவு ஆணியில் மாட்டி இழுத்தேன். ஒரு சத்தமும் இல்லை. மேலிருந்து கீழே வரை பிரிந்து, இரண்டு பக்கமும் சரிந்து, ஆணியில் நிற்காமல் தரையில் விழுந்தது. இவ்வளவு அழகாக விழும் என்று எனக்குத் தெரியாது. உள்ளே வெள்ளை உடுப்பு இல்லை, பின்னால் கதவுதான் இருந்தது.

சாயங்காலப் போட் வருவதற்குள் எல்லாவற்றையும் மடித்து உள்ளே வைத்துவிட்டேன். மணியைக் கழற்றி, பழையபடி டப்பாவில் போட்டேன்.