தேர்வடத்தில் ஒரு சாண் கயிறு

நாயக்கர் காலத்து வீதி உலாக்களைப் பற்றிக் கல்லூரியில் பல வருடங்களாக வகுப்பெடுக்கிறேன். தேருக்கு முன்னால் யார் நடந்தார்கள், யாருக்கு மாடத்தில் உட்கார்ந்து பார்க்கும் உரிமை இருந்தது என்றெல்லாம் கரும்பலகையில் படம் போட்டு விளக்குவேன். பர்மாவின் யாங்கோனில் தமிழர்கள் இன்னும் தேர் இழுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சென்ற பங்குனியில் கிளம்பினேன்.

விமான நிலையத்திலிருந்து க்யிம்யிண்டைங் பகுதிக்கு டாக்சியில் முக்கால் மணி நேரம், இருபதாயிரம் கியாட். பேரம் பேசியும் குறையவில்லை. படகுத்துறைச் சந்தைக்குப் பின்னால் சின்னக் கோயில். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை, மூன்று தெருக்களுக்கு மட்டும் அனுமதியாம்.

தேர் கிளம்பியதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. வடம் பிடித்தவர்கள் பெண்களும் கிழவர்களும்தான். நாலு அடிக்கு ஒருமுறை மூச்சு வாங்க நின்றார்கள். பக்கத்தில் வந்த டோ செல்வி (பெண்களை அங்கே மரியாதையாக 'டோ' சேர்த்து அழைக்கிறார்கள்) சந்தையில் மீன் விற்பவர். அவரிடம், "இளவட்டம் ஒருத்தரையும் காணோமே அக்கா, பக்தி குறைஞ்சு போச்சா?" என்று கேட்டுவைத்தேன்.

"பக்திக்கு என்ன கொறச்சல், ஸயா? பட்டாளத்துக்கு ஆள் புடிக்கிறாகள்ல. எம்மவன் மாடிய விட்டுக் கீழ எறங்கி எட்டு மாசமாச்சு." வாத்தியாரை அங்கே ஸயா என்கிறார்கள். என் படிப்பின் மீதே எனக்கு வெறுப்பு வந்தது. சின்ன வயதில் காய்ச்சலில் பிழைத்த மகன் வருடா வருடம் வடம் தொடுவதாக வேண்டுதலாம். "இந்த வருசந்தான் தவறப்போவுது" என்றார்.

அந்த ஊர் மாடி வீடுகளில் வாசல்பக்கம் நீளக் கயிறு தொங்கும். பேப்பர், காய்கறி எல்லாம் அதில் மாட்டித்தான் மேலே ஏறும். டோ செல்வியின் வீட்டு முன் தேர் கற்பூரத்துக்கு நின்றது. அவர் ஓடிப்போய்த் தன் வீட்டுக் கயிற்றின் நுனியை வடத்தில் முடிந்தார். கயிறு மெல்ல விறைத்தது. மூன்றாவது மாடித் திரைச்சீலைக்கு வெளியே, அதைப் பிடித்திருந்த ஒரு கை மட்டும் தெரிந்தது.

பழக்கதோஷம், செல்போனைத் தூக்கிவிட்டேன். டோ செல்வி என் கையை ஓங்கித் தட்டினார். "எடுக்காதீக ஸயா! படத்த வச்சே வீட்டக் கண்டுபுடிச்சிருவாக."

அதற்குள் வார்டு நிர்வாக அதிகாரி விசில் ஊதி விரட்ட, முடிச்சை அவிழ்க்கும் முன்னே தேர் நகர்ந்துவிட்டது. கயிறு அறுந்தது. கை உள்ளே போய்விட்டது. வடத்தில் ஒரு சாண் துண்டு மிச்சம். மூன்று தெருவும் அதைப் பிடித்துக்கொண்டே டோ செல்வி நடந்தார். மாடத்தில் இருப்பவன் பெரிய மனிதன் என்று இனி எந்த வாயால் பாடம் நடத்துவேன்?

போகிறவர்களுக்கு: ஆறரைக்கே போய்விடுங்கள். செருப்பைக் கோயிலில் விட்டுவிட்டால் திரும்பும்போது தார்ரோடு சுடும், தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். இளைஞர்கள் எங்கே என்று கேட்காதீர்கள். நான் அவர் பெயரை மாற்றியிருக்கிறேன், தொழிலையும்தான். அறைக்குத் திரும்பிச் செல்போனைப் பார்த்தபோது, அவர் தட்டுவதற்குள் ஒரு படம் விழுந்திருந்தது. திரைச்சீலை, கை, கீழே கடையின் பெயர்ப்பலகை, எல்லாம் தெளிவாக. அழித்துவிட்டேன். இந்தப் பதிவில் படமே இல்லாததற்கு அதுதான் காரணம்.