தெரியவில்லை என்று எழுதிய மாலை

மாறுவிண்மீன் பார்ப்பவர்கள் திருவள்ளூரில் கூடுகிறார்கள் என்று செய்தி வந்தபோது, போகவே தயங்கினேன். ஒளி கூடியும் குறைந்தும் மாறுகிற விண்மீன்களை, அருகிலிருக்கும் மாறாத விண்மீன்களோடு ஒப்பிட்டு, இன்று எவ்வளவு பிரகாசம் என்று கண்ணால் மதிப்பிட்டு எண்ணாக அனுப்புகிறவர்கள் அவர்கள். நானும் அனுப்புகிறவள்தான். ஆனால் என்னிடம் எண் இருந்ததில்லை.

நான் பார்ப்பது அன்னப்பறவை என்ற விண்மீன் கூட்டத்தில் உள்ள ஒன்றை. பெரும்பாலும் மிக மங்கலாகக் கிடக்கும். சில வாரங்களுக்கு ஒருமுறை, சொல்லாமல் கொள்ளாமல், ஒரே நாளில் பல மடங்கு ஒளியேறும். கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீடு உருக்காலைக்குப் பின்னால் இருக்கிறது. இருட்டினாலும் வானம் செங்கல் நிறத்தில்தான் இருக்கும். என் பைனாகுலருக்கு அந்த விண்மீன் இருக்கும் இடம் தெரியும், விண்மீன் தெரியாது. அப்படித் தெரியாதபோது, தெரிகிறவற்றில் ஆக மங்கலான ஒப்பீட்டு விண்மீனைக் குறிப்பிட்டு, 'இதைவிட மங்கல், தெரியவில்லை' என்று அனுப்புவது வழக்கம். அந்த மழைக்காலம் முழுக்க நான் அனுப்பியது அந்த ஒரு வரிதான்.

பேக்கிங் கம்பெனி வேலை முடிந்து வரும் அம்மா, நான் மாடியிலிருந்து இறங்கும்போது கேட்பார்.

"இன்னாடி, வந்துச்சா?"

"இல்லம்மா."

"நீயும் தெனம் போயி அட்டெண்டன்ஸ் எடுத்துக்கினு கீற. அது தெனம் ஆப்சென்ட்டு."

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். அதுவும் இயற்பியல் படித்தவள். தெருவில் அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறவரும் அதே அம்மாதான். வெறுங்கையோடு போய் உட்கார எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் சென்ட்ரலில் ரயில் மாறிப் போனேன்.

திருவள்ளூரில் கடைக்கு மேலே ஒரு டியூஷன் சென்டரில் கூட்டம். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த வானியலாளர், என்னைவிட நாலைந்து வயது மூத்த பெண், எல்லோரும் அனுப்பியதை ஒரே வரைபடமாகத் திரையில் போட்டார். ஒவ்வொருவரும் தான் பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

எனக்கு முன்னால் பேசியவர் ஆரணியில் நெல் பயிரிடுகிறவர். அந்த மழைக்காலத்தில் என் விண்மீன் ஒளியேறியதை முதலில் பார்த்தவர் அவர்தான். "முந்தின நாளு எங்க பக்கம் மழ ஊத்து ஊத்துன்னு ஊத்திச்சி. மறுநாள் பாத்தா, தோ நிக்குது," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வானியலாளர் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விண்மீன் பக்கத்து விண்மீனிடமிருந்து வாயுவை இழுத்து, தன்னைச் சுற்றி ஒரு தட்டுபோலச் சேர்த்துக்கொண்டே இருக்குமாம். சேர்ந்தது ஒருநாள் கொதித்தெழும். கொதிப்பு அந்தத் தட்டின் வெளிவிளிம்பில் தொடங்கியதா உள்ளேயா என்று அறிய, ஒளியேறத் தொடங்கிய நேரம் வேண்டும் என்றார். அதற்கு, ஆரணிக்காரர் பார்த்த நாளுக்கு முந்தின மாலை யாராவது பார்த்திருக்க வேண்டும். அந்த மாலைக்கு நேரே புள்ளி எதுவும் இல்லை. கீழ்நோக்கிய ஒரே ஒரு சிறிய அம்புக்குறி இருந்தது. 'தெரியவில்லை' என்பதற்கான குறி அது.

"இது யாரு?"

எழுந்து நின்றேன்.

"நிஜமாவே தெரியலையா, இல்ல மேகம் மறைச்சுதா? நல்லா யோசிச்சு சொல்லுங்க. நீங்க சொல்றத வச்சுதான் நேரம் குறிக்கப் போறோம்."

யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அன்று எங்கள் பக்கம் மழை விட்டு, வானம் கழுவியதுபோல இருந்தது. இன்றாவது தெரியாதா என்ற ஏக்கத்தில் உற்றுப் பார்த்தபோது, அதே இடத்தில் ஒரு புள்ளி மினுங்கியதுபோல இருந்தது. இந்த வேலையில் ஆசைதான் பெரிய எதிரி. தெரிய வேண்டும் என்று நினைத்தால் தெரியும். கண்ணை மூடித் திறந்து மறுபடி பார்த்தேன். ஒப்பீட்டு விண்மீன்கள் தம்தம் இடத்தில் இருந்தன. நடுவே ஒன்றுமில்லை. மனசில்லாமல்தான் 'தெரியவில்லை' என்று அனுப்பினேன். மறுநாளிலிருந்து அது ஒளி அடங்கும்வரை எங்கள் பக்கம் மேகம் விலகவே இல்லை.

"மேகம் இல்லைங்க மேடம். பக்கத்துல இருந்ததெல்லாம் தெரிஞ்சுது. அது இல்ல."

அவர் என் அம்புக்குறிக்கும் ஆரணிக்காரரின் புள்ளிக்கும் நடுவே இருந்த இடத்தை மஞ்சளால் நிரப்பினார். "அப்போ இதுக்குள்ளதான்," என்றார். ஆரணிக்காரர் என் பக்கம் சாய்ந்து, மெதுவாகச் சொன்னார்: "நீ பாத்துட்டு கீழ எறங்கின பொறவுதாம்மா வந்துகிது."

அந்த ஒளி அங்கிருந்து புறப்பட்டு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அப்போது எங்கள் ஊரில் உருக்காலை இல்லை, ரயில் இல்லை, எங்கள் வம்சத்தில் எழுத்து தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அத்தனை காலம் வந்த ஒளி, நான் படியிறங்கிப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிய நேரத்தில் எங்கள் மாடியைத் தொட்டிருக்கிறது. அது வந்த நேரத்துக்கு ஒரு பக்கம் எல்லை, நான் பார்த்த வெற்றிடம். உட்காரச் சொன்னார்கள். எனக்கு உட்காரத் தோன்றவில்லை. அந்த மஞ்சள் பட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.